பதினாலு கிளப்பும் நம்ம கோல்கீப்பரும்

திகாம் பத்து,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் தினேஸ்வரனுக்கு,

மாமா சீனிவாசகம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, நம் பிள்ளை நளினி எல்லாரும் சுகம், என் இரத்தக் கொதிப்பைத் தவிர. உன் அம்மா பிரேமாவதியும் சுகம். நீ அந்தக் குளிரில் காலுறை போடாமல் நடக்கிறாய் என்று கனவு கண்டாளாம், போட்டுக்கொள். குரல் பதிவு அனுப்பினால் நீ பாதியிலேயே நிறுத்திவிடுகிறாய் என்று நளினி சொன்னாள். அதனால்தான் காகிதம். அவள் படம் பிடித்து அனுப்புவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு கோயில் கோப்பை இறுதி ஆட்டம். நம் சிடாம் கிரி தோட்டத்துக் குழு இறுதிக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? எனக்கே தெரியாது, அவ்வளவு வருஷம். இந்த நேரம் பார்த்து ரபிக் நம் கோலில் நிற்கக்கூடாது என்கிறார்கள்.  சோறு இறங்கவில்லை. பாதிச் சோறு இறங்குகிறது என்று உன் அத்தை சொல்வாள், நம்பாதே.

நீ ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது உன் கையுறையைக் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்த ரபிக்தான். பங்களாதேஷிலிருந்து வந்து சிடாம் கிரியில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். முதலில் எனக்கும் அவன்மேல் நம்பிக்கை இல்லை. இப்போது பந்து அவனைப் பார்த்தாலே வழி மாறிப் போகிறது. அரையிறுதியில் இரண்டு பெனால்டி பிடித்தான். மணியம் கடையில் நான் நாலு என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது உன்னிடம் கேட்டால் நீயும் நாலு என்றே சொல்.

நம் கோப்பையின் வழக்கம் உனக்குத் தெரியும். எந்தத் தோட்டத்துக் கோயிலுக்குத் திருவிழா வரி கொடுக்கிறாயோ, நீ அந்தத் தோட்டத்து ஆள். வீடு எங்கே இருந்தாலும் சரி. நம் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஷிப்டு வேலை, மீதிப் பேர் சுங்கை பட்டாணித் தாமான் குடியிருப்புகளில் வாடகை வீடு. ஒருவனும் தோட்டத்து லய வீடுகளில் இல்லை. மொத்தக் குழுவில் உண்மையாகவே சிடாம் கிரியில் தூங்கி எழுகிறவன் ரபிக் ஒருவன்தான். ஆனால் வரிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அரையிறுதி வரைக்கும் ஒருவரும் பட்டியலைப் பிரித்துப் பார்க்கவில்லை, இறுதி ஆட்டம் என்றதும் பிரிக்கிறார்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவனிடம் போய் அம்மனுக்கு வரி கொடு என்று கேட்க எனக்கு வாய் வருமா? திருவிழாவில் ஜெனரேட்டர் நின்றுபோனால் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை விடுகிறவன் அவன். போன வருஷம் அம்மனுக்கே வெளிச்சம் கொடுத்தவன் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அது கொஞ்சம்தான் மிகை.

வரிப் பட்டியலில் இல்லாதவன் ஆடக்கூடாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தானாம். பரஞ்சோதி வாத்தியார் குத்திக் காட்டுகிறார். உனக்குப் பாடம் சொன்ன அதே வாத்தியார், இப்போது கோப்பைக் கமிட்டித் தலைவர். ஆமாம், போன வருஷம் மேசையைத் தட்டிக் கேட்டவன் நான்தான். எதற்குக் கேட்டேன்? ஆற்றங்கரைத் தோட்டத்துக்காரர்கள் அலோர் ஸ்டாரிலிருந்து காசு கொடுத்து இரண்டு பேரை இறக்கினார்களே, அவர்களை நிறுத்தத்தான். ஓணானுக்கு வைத்த கண்ணியில் நம் வீட்டுக் கோழியா மாட்டும்?

இதற்குத்தான் உன் ஜெர்மன் சமாசாரத்தைப் போன வாரம் கூட்டத்தில் எடுத்துவிட்டேன். இரண்டு உலகச் சண்டைக்கு நடுவில் தெற்கு ஜெர்மனியில் நடந்த காற்பந்துப் போட்டியைப் பற்றி, உன் வீட்டுக்காரக் கிழவர் சொன்னதாக எழுதியிருந்தாயே. ஒவ்வொரு வட்டாரத்திலும் முதலில் வந்தவர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள், இரண்டாவது மூன்றாவது வந்தவர்களையும் விரட்டாமல் அவர்களுக்கும் தனிச் சுற்று வைத்து, அதில் ஜெயித்தவனையும் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள் என்று. அதை அப்படியே சொன்னேன். அந்தக் காலத்தில் இருட்டுகிற வரைக்கும் ஆடியும் முடிவு தெரியாத ஓர் இறுதி ஆட்டத்தை நீ மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தாய். நான் ஆறு மணி நேரம் என்றேன். மூன்று மணி நேரத்துக்கு கூட்டம் நடந்த மணியம் ஒட்டுக்கடையில் ஒருவனும் தேநீர்க் கிளாசைக் கீழே வைக்க மாட்டான். கடைசியில் ஒரு போடு போட்டேன்: ஜெர்மன்காரன் ஆட்டத்துக்கு வந்த ஒருத்தனையும் நீ எங்கள் ஆள் இல்லை என்று வெளியே அனுப்பியதில்லை என்று.

அங்கேதான் மாட்டினேன். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சீனி அண்ணே, அந்தப் போட்டி எப்படி முடிஞ்சுச்சுன்னு மருமகன் எழுதலையா?" என்று கேட்டார். நீ எழுதவில்லை. அவர் வாசித்தார். முப்பத்து மூன்றாம் வருஷம் புது ஆட்சி வந்து அந்தப் போட்டியையே இழுத்து மூடியதாம். அதற்கு முன்பு, ஏப்ரல் மாதமே, தெற்கிலிருந்த பதினாலு பெரிய கிளப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, யூதர்களைக் கிளப்பிலிருந்து நீக்க ஒத்துழைக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டனவாம். அதற்கென்று ஒரு சட்டம்கூட அப்போது இல்லையாம். தாங்களாகவே போட்டார்களாம். வெளியே போனவர்களில் கிளப்பைத் தொடங்கியவர்கள் இருந்தார்கள், தலைவராக இருந்தவர்கள் இருந்தார்கள், ஆடியவர்களும் இருந்தார்கள்.

என் வாயை அடைக்கத்தான் வாத்தியார் வாசிக்க ஆரம்பித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.   

ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்றார்கள். இதுவரை வாய்ச்சொல்லாக இருந்ததை, வரிப் பட்டியலில் இல்லாதவர் ஆடமாட்டார் என்று ஒரு தாளில் எழுதினார்கள். ஆறு கோயில் ஆட்களும் கையெழுத்துப் போட வேண்டும். போடாத கோயிலின் குழு கோப்பையிலிருந்து விலகியதாக அர்த்தம். ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். தாள் என்னிடம் வந்தது. நான் மாத்திரை சாப்பிடும் நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை.

வாசலில் ரபிக் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நம் பாஷை இப்போது அவனுக்கு நன்றாக வருகிறது. "பரவால்ல லா மாமா, நீங்க சைன் போட்டுடுங்க. நான் கோலுக்குப் பின்னால நின்னு பந்து எடுத்துப் போடுறேன்" என்று சொல்லி உன் கையுறையை நீட்டினான். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி அவன் நெஞ்சிலேயே எறிந்தேன். அதையும் பிடித்துவிட்டான். கோல்கீப்பர் இல்லையா.

நம் பசங்களிலும் இரண்டு பேர் இரவு போன் பண்ணினார்கள். போடுங்கள் மாமா, ஒரு ஆட்டம்தானே, கோலில் குணாளனை நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. இந்த ஆட்டத்துக்காக ஷிப்டு மாற்றி வாங்கியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் கோப்பையைத் தூக்க ஆசை இல்லையா? படம் எடுக்கும்போது போட்டுக்கொள்ளப் புதுச் சட்டையே வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். நீ அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து ஊர்க் கிளப்புக்குக் கோலில் நிற்கிறாய் என்று உன் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஜெர்மன் தேசியக் குழுவுக்கே நிற்கிறாய் என்று நானும் இரண்டொரு இடத்தில் சொல்லியிருக்கிறேன், அது கிடக்கட்டும். உன்னை நிற்கவைத்தபோது அவர்கள் எந்தக் கோயில் வரியைக் கேட்டார்கள்? எந்தப் பட்டியலைப் பார்த்தார்கள்? இதை நான் கூட்டத்தில் கேட்கவில்லை.  வெள்ளிக்கிழமை கேட்பேன்.

அதற்குள் எனக்கு ஒரு காரியம் செய். உன் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேள். அந்தப் பதினாலு கிளப்புத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்ன ஒரு கிளப், ஒரு செயலாளர், ஒரு மனுஷன் அந்தப் பக்கத்தில் எங்காவது இருந்தானா? பெரிய ஆளாக இருக்க வேண்டியதில்லை. பந்துக்குக் காற்றடிக்கிறவனாக இருந்தாலும் போதும். பெயரை மட்டும் எழுதி அனுப்பு. இந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட நான் மாற்றமாட்டேன், சத்தியம்.

அப்படி ஒருத்தரும் இல்லை என்று கிழவர் சொன்னால் எனக்கு எழுதாதே. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. திகாம் பத்துவில் ஒருத்தன் இருந்தான் என்று நீ அந்தக் கிழவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

புதுச் சட்டையைத் தீபாவளிக்குப் போட்டுக்கொள்கிறேன். பசங்கள் என்னோடு கொஞ்ச நாள் பேசமாட்டார்கள், பேசாவிட்டால் போகிறார்கள். நீ மட்டும் அவர்களுக்கு ஒரு வார்த்தை எழுது, நீ சொன்னால் கேட்பார்கள்.

நீ நிற்கிற கோலில் பந்து விழாமல் நம் சிடாம் கிரி அம்மன் பார்த்துக்கொள்வாள். உன்னை அங்கே நிற்கவிட்ட மனுஷர்களுக்கு மாமாவின் வணக்கத்தைச் சொல். மறக்காமல் சொல்.

காலுறை போட்டுக்கொள்.

உன் நலமே நினைக்கும் மாமா,
சீனிவாசகம்
(மேலாளர், சிடாம் கிரி காற்பந்துக் குழு. வெள்ளிக்கிழமைக்குப் பிறகும்.)