சுறாமுனைக்கு மணக்கலம் அனுப்ப வேண்டாம்

நலம் பெருகுக. மழை பிழையாத வெண்கோட்டு நாட்டின் வேந்தரும், வடகடல் துறைகள் யாவற்றின் காவலருமாகிய பெருவிறல் ஆதனார் திருமுன்னர், தென்கரைக் கருமுனை நாட்டு விளக்கு வண்ணக்கன் சாத்தன் ஏறன் தலைதாழ்த்தி வரையும் ஓலை. தங்கள் மதில் நிமிர்ந்து நிற்க. தங்கள் களங்களில் நெல் மலைபோல் குவிக. தங்கள் மகளார் நன்முகையார் நெடிது வாழ்க. முதல் இரண்டு வாழ்த்தும் முறைமைக்காக எழுதியவை. மூன்றாவது மட்டும் வேண்டுதல்.

எங்கள் இளவரசருக்கு மணம் பேசப்பட்ட தங்கள் மகளார், வாடைக்காற்று எழுந்ததும் மணக்கலம் ஏறி எங்கள் சங்குத்துறைக்கு வருவதென்று இரு அவைகளும் முடிவு செய்துள்ளன. அத்துறையின் முகப்பில் பல்வரிசைப் பார் என்னும் கடற்பாறைகள் கிடக்கின்றன. இரவில் அவற்றை மாலுமிக்கு உணர்த்துவது சுறாமுனைக் கலங்கரை விளக்கம் ஒன்றே. அது குறைவின்றி ஒளிர்வதாக எங்கள் அரசர் தங்களுக்கு உறுதி ஓலை விடுத்திருக்கிறார். பொன்னை உரைத்து மாற்றுக் காண்பவன் பொன் வண்ணக்கன். விளக்கை ஏற்றி ஒளி காண்பவன் நான். அந்த உறுதி பொய் என்று நான் சொல்கிறேன்.

முன்பு அம்முனையில் குடம் குடமாய் எண்ணெய் குடித்து எரிந்த பெருந்தகழி இருந்தது. அதன் பசியைக் கண்டு அஞ்சிய எங்கள் கருவூல அமைச்சர் மருதங்கிழார், அயல்தீவு வணிகர் மலிவாகக் கூவி விற்ற குமிழ் விளக்குகளை வண்டி வண்டியாய் வாங்கி முனையிலும் அரண்மனையிலும் இறக்கினார். மூச்சுக்கு ஊசித்துளைகள் மட்டும் விட்டு வாய் மூடிய கண்ணாடி. உள்ளே ஒரு சிறு திரி. நாழி எண்ணெய் தின்ற இடத்தில் ஆழாக்கு போதும் என்றார்கள். அது மெய்தான். ஏற்றிய அன்று கண்ணைப் பறிக்கும் வெண்மையும் உண்டு. பிறகு உட்புறம் கரி படியும். வாய் மூடியிருப்பதால் துடைக்க வழியில்லை. ஒளி ஒரேயடியாய்ப் போனால் ஊரே கூக்குரலிடும். இதுவோ நாளுக்கு மயிரிழை குறைகிறது, கண்ணும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. குன்றின்மேல் இட்ட விளக்கு என்று அவைப்புலவர் பாடுகிறார். குன்றின்மேல் இருப்பது குடத்துள் இட்ட விளக்கு.

ஒளியை அளக்க எங்களிடம் இரு முறைகள் இருந்தன. ஒன்று, முன்னோர் வார்த்த வெண்கல ஒப்புவிளக்கு. அதனையும் புதியதையும் அருகருகே ஏற்றி, நடுவே கோல் நாட்டி, சுவரில் விழும் இரு நிழல்களில் எது கருமை மிக்கது என்று பார்ப்போம்; கருநிழல் எறியும் விளக்குக்கே ஒளி மிகுதி. அதற்கும் எண்ணெய் வீண் என்று மருதங்கிழார் அதை நிறுத்தினார். எஞ்சியது ஊசிமுறை. மன்றத்துப் பூக்காரி விளக்கின் எதிரே அமர்ந்து ஊசியில் நூல் கோத்தால் விளக்கு தேறியதாகக் கொள்வோம். வந்த குமிழ்கள் அத்தனையும் தேறின. ஐயம் எழுந்து ஒருநாள் குமிழை அணைத்துவிட்டுக் கோக்கச் சொன்னேன். இருட்டிலும் கோத்தாள். நாள்தோறும் பூத்தொடுக்கும் அந்தக் கைக்குக் கண்ணின் துணை வேண்டியிருக்கவில்லை. இத்தனை காலமும் நாங்கள் விளக்கை ஆராயவில்லை, அவள் விரலை ஆராய்ந்திருக்கிறோம். இதை அவையில் உரைத்தபோது, இருட்டிலேயே ஊசி கோக்கும் நாட்டில் விளக்குக்கு என்ன குறை என்று மருதங்கிழார் வினவ, அவை சிரித்தது.

பொறுக்கமாட்டாமல் ஒப்புவிளக்கைக் கொணர்ந்து அவை நடுவே ஏற்றினேன். குமிழொளியில் பழகிய பெருமக்கள் முகத்தை மூடிக்கொண்டனர். கண் எரிகிறது என்று அரசர் சினந்தார். குறையுடையது ஒப்புவிளக்கே என்று தீர்ப்பாயிற்று. அதை உருக்கி அவையோருக்கு வெற்றிலைத் தட்டுகள் செய்துவிட்டார்கள். இனி எதை அருகில் வைத்து எதை அளப்பேன்?

மருதங்கிழாருக்குத் தெரியாதது பரதவப் பெண் கொற்றிக்குத் தெரியும். அவள் கணவன் அம்முனையைத் தேடிப் பாறையில் முட்டி மாண்டான். அவள் மன்றில் நின்று சொன்னது அரசோலைக்குரிய மொழியன்று, ஆயினும் மாற்றாமல் எழுதுகிறேன்: "வெளக்கு எரியுதுன்னு கரையில நின்னு சொல்றீங்க சாமி. அந்தாளு கடல்ல இருந்துல்ல பாத்தாரு." அன்று மாலையே அவள் கரையில் சருகைக் குவித்துக் கொளுத்தினாள். பிற தீ எரிந்தால் அரச விளக்குக்கு இழிவு என்று அவளைச் சிறையிட்டனர். இப்போது கரையில் அடுப்புக்கூட வெளியே தெரிய எரியலாகாது.

ஆகவே, உண்ட உப்புக்கு இரண்டகம் செய்தும் எழுதுகிறேன். வேந்தருக்கு ஆணையிட எனக்கு உரிமையில்லை. ஆயினும் ஆணைபோலவே கொள்க: மணக்கலத்தின் கட்டை அவிழ்க்க வேண்டாம். மகளாரைக் கலமேற்ற வேண்டாம்.

இவ்வோலையைத் தொடங்கியபோது காற்று அசையவில்லை. இப்போது ஏட்டின் ஓரம் படபடக்கிறது; வடக்கிலிருந்து வீசுகிறது. ஓலை சுமப்பவன் மலைவழி நடந்து வர வேண்டும், கலத்துக்கோ காற்று போதும். இது தங்கள் கையில் சேரும்போது கலம் போய்த் தங்கள் துறை வெறிச்சோடிக் கிடக்கும் என்றே அஞ்சுகிறேன். அப்படியாயின் மகளாரைப் பெற்ற அரசியாருக்கு இதைப் படித்துக்காட்ட வேண்டாம்.

சுறாமுனையில் எனக்கு ஒரு வீடு உண்டு, பனையோலைக் கூரை. கலம் வரும் இரவில் அதைக் கொளுத்துவேன். எந்த இரவு என்று அறியேன். கூரையோ ஒருமுறைதான் எரியும். எவ்வளவு நேரம் எரியும், எவ்வளவு தொலைவு தெரியும் என்று என் தொழில்முறைப்படி ஆராய்ந்தும் பார்த்தேன். போதாது.

அரச முத்திரை என்னிடம் இல்லை. குமிழ் ஒன்றை உடைத்து, உள்ளே படிந்திருந்த கரியை வழித்து, எழுத்தாணி கீறிய இவ்வெழுத்துகள் தெரியத் தேய்த்தேன். ஓலை முழுமைக்கும் ஒரே குமிழின் கரி போதுமாயிருந்தது. மிச்சத்தில் பெருவிரல் தோய்த்து ஒற்றினேன். இதுவே முத்திரை.

சாத்தன் ஏறன் எழுத்து.