வரவேற்கும் மேசையில் நம் அம்மா

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நானும் தங்கையும் இங்கே சுகம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று நீ சொன்னாலும் குரல் அப்படிச் சொல்லவில்லை, இரவு வேலை முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு, படுக்கை எங்கேயும் ஓடிவிடாது. சலவைக்கூடத்தில் வேலை கூடிவிட்டது, புதிதாக ஒரு ஹோட்டல் சேர்ந்திருக்கிறது, படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வருகின்றன. எங்கள் மேற்பார்வையாளர், அவரைத்தான் நாங்கள் நீராவி என்று கூப்பிடுவோமே, சத்தம் பெரிது சூடு கிடையாது, அவர் சனிக்கிழமைக்கு லீவு தந்துவிட்டார். தங்கையின் பள்ளியில் எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தால் போதுமாம். நீலச் சேலையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். ஊரார் துணியையே தேய்த்த கை, அதிசயமாக என் துணியையும் தேய்த்தது.

அக்கா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இனிமேல் நான். அம்மா தூங்குகிறாள், அடுப்புக்கு மேலே உள்ள சின்ன விளக்கை மட்டும் போட்டு நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணினால் அதனால்தான். தேநீர் குடித்தால் போதும் என்று பள்ளிச் சீட்டில் இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் நான் அப்படிப் படித்துக் காட்டினேன். சீட்டில் இருப்பது இது: ஏதாவது ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பமும் வேறு நம்பிக்கையுள்ள ஒரு குடும்பத்தைத் தன் மேசையில் வரவேற்க வேண்டும், மேசையின் தாயார் ஜெபம் செய்து தொடங்கி வைக்க வேண்டும். அக்கா, அந்தத் தாயார்களில் ஒருத்தி நம் அம்மா. நாம் விருந்தாளி இல்லை, வரவேற்கிற குடும்பம்!

எப்படி என்று கேட்பாய். நான்தான். எப்பாடு பட்டாவது அந்தப் பள்ளியில் சேர்ந்துவிடு என்று நீ எழுதியிருந்தாய். சேர்க்கைப் படிவத்தில் ‘குடும்பம் சேர்ந்த சபை’ என்று ஒரு கட்டம். முதலில் காலியாகத்தான் விட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் படிவத்தைப் பார்த்து அலுவலகத்து அம்மா, இது என்ன காலியா இருக்கு என்று கேட்டார். கேட்டார், அவ்வளவுதான், அவரை ஒன்றும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் என்னையும் கேட்டால் என்ன சொல்வது? பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற சபையின் பெயரை எழுதிவிட்டேன். அதன் பலகையைப் பேருந்திலிருந்து தினமும் பார்ப்பேன், அதுதான் எனக்கும் அந்தச் சபைக்கும் உள்ள உறவு. இப்போது புதிய தலைமையாசிரியை காலை வணக்கக் கூட்டத்தில் சொல்கிறார், எந்தச் சாமியைக் கும்பிடுகிற குடும்பத்துக்கும் இங்கே இடம் உண்டு, முன்பும் இருந்தது, சொல்லத்தான் தவறிவிட்டோம், அதற்குத்தான் இந்தச் சனிக்கிழமைக் கூட்டம் என்று. அப்படியென்றால் நான் சொன்னது தேவையே இல்லாத பொய். அவசியத்துக்குப் பொய் சொன்னவள் அழுதாவது தப்பிக்கலாம். நான் என்ன சொல்லி அழுவது? கூட்டத்துக்கு அந்தச் சபையின் போதகரும் வருகிறார். இரண்டு நாளாக வகுப்பில் யாராவது கதவைத் தட்டினால் என்னைத்தான் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்றுவிடுகிறேன்.

இதோடு முடியவில்லை. நம் மேசைக்கு வருவது தையல்காரர் குடும்பம், அவர்கள் பெண் என் வகுப்புதான். அவளுடைய அம்மா நேற்றுச் சலவைக்கூடத்துக்கே வந்து நம் அம்மாவைப் பார்த்திருக்கிறார். ஏங்க்கா, நாங்க தொழுவுறவங்க, அங்க வந்து கண்ண மூடலைன்னா தப்பா நெனப்பாங்களா என்று கேட்டாராம். அதற்கு நம் அம்மா, அட நீ ஒண்ணு, எங்க சாமியே சமையலறை அலமாரியில பருப்பு டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கு, நீ என் பக்கத்துல உக்காரு, ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், எனக்குப் புரையேறிவிட்டது. இன்று தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண் என்னிடம் வந்து, ஏய், உங்க வீட்லயும் வேற சாமியாமே, அப்ப நம்ம மேசையில யாருடி ஜெபம் பண்ணுவா என்றாள். கேலி இல்லை அக்கா, உண்மையாகவே கேட்டாள். அவள் அம்மா புது இடத்துக்கு வரப் பயப்படுகிறாராம். நான் ஓடி வந்துவிட்டேன். அவளை வா என்று சொல்ல வேண்டியவள் நான்.

நடுவில் நிறுத்திவிட்டு இப்போது மறுபடி எழுதுகிறேன். அம்மா எழுந்து வந்துவிட்டாள். யாருக்குடி இந்நேரத்துல என்றாள். அக்காவுக்கு என்றேன். படி என்றாள். ஒரு வரி மாற்றிப் படித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. சாமிய மறைச்சியா, என்னைய மறைச்சியா என்று கேட்டாள். பிறகு, அந்தப் படிவத்துல கீழ கையெழுத்து வச்சது யாரு என்றாள். நீதான் என்றேன். அப்ப பொய் ரெண்டு பேருது என்றாள். நாளைக்குக் காலையில் மணி அடிப்பதற்கு முன் தலைமையாசிரியை அறைக்கு இரண்டு பேரும் போகிறோம், பேச வேண்டியது நான். வீட்டுக்கு வந்தவங்கள வான்னு சொல்ல எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம், அந்தத் தையக்காரம்மாவ நான் பாத்துக்கறேன், ஜெபம் மட்டும் தெரிஞ்சவங்க பண்ணட்டும்னு நீ கேளு என்றாள். பள்ளியிலிருந்து என் பேரை அடித்துவிட்டால் என்று கேட்டேன். தெரியல என்றாள். எல்லாம் தெரியும் என்று சொல்கிற அம்மா, அக்கா.

இனி மறுபடியும் அம்மா சொல்வது: பெரியவளே, போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல முகங்களே கிடைக்கட்டும், வாசலில் தயங்கி நிற்கிறவளை நீயும் உள்ளே கூப்பிடு. கால் வீக்கத்துக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே. தங்கையைப் போனில் திட்டாதே, திட்டு மொத்தமும் நான் வைத்திருக்கிறேன், பங்கு கிடையாது.

இப்படிக்கு,
மேலே உள்ள அத்தனையையும் முதல் வரியிலிருந்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்து வைக்கும்,
உன் அம்மா