தூள்கட்டையும் மூன்று அடியும்

என்னங்க,

உங்கள் தம்பிக்கு இரண்டு விரல் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். தொண்டையில் இறங்கினால் சாப்பிடுங்கள்.

காலையில், மரத்தூளைப் பிசைந்து அச்சில் இடித்து எரிக்கச் செய்த புதுத் தூள்கட்டை அடுப்பில் குப்பென்று பற்றி உங்கள் புருவத்தைப் பொசுக்கியதும் என்ன ஆட்டம் ஆடினீர்கள்! "பயோடீசல் காய்ச்சி மிஞ்சின கிளிசரின்ல ஸ்பிரிட் இருக்கும், அது ஆவியாப் போக மரத்தூளோட பிசையறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கேன் மூடியத் திறந்து வைன்னு சொன்னேனா இல்லையாடா?"

"திறந்துதாண்ணே வச்சிருந்தேன்" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, தூளை இடித்து இறுக்கும் இடிகட்டையால் அவன் கைமேல் போட்டீர்கள். ஒன்றல்ல, மூன்று அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் திருப்பி அடித்திருந்தால் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள்.

அவன் திறந்துதான் வைத்தான். நாற்றம் குடலைப் பிடுங்கியதால் அன்று சாயங்காலமே நான்தான் போய் மூடியை இறுக்கித் திருகினேன். அவன் தூள் பிசைய வருவதற்குச் சற்று முன் மறுபடி திறந்துவிட்டேன். உங்கள் கையில் இடிகட்டையைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன்: ஜன்னலோரம் காயும் பன்னிரண்டு தூள்கட்டையும் அதே கேன் கிளிசரினில் பிசைந்ததுதான். ஒன்றையும் பற்றவைக்காதீர்கள், வீடு போய்விடும்.

இன்னொன்று. அடி விழும்போது என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் காட்டிக்கொடுக்கவில்லை.

இடிகட்டையைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு என்மேல் கை ஓங்க நினைத்தால், இந்தத் தடவை அது என் கையில் இருக்கும்.