ஆள்விட்டுச் சொன்னது

மாசி 4, செவ்வாய்.

என் மனைவியின் திதிக்கு மகன் பெங்களூரிலிருந்து வாடகை ஹெலிகாப்டரில் வந்தான். எங்கள் களத்தில்தான் இறங்கியது. தாசில்தார், போலீஸ், தீயணைப்பு என்று எல்லா இடத்துக்கும் நானே நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். களத்தில் நெல் காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்வத்திடம் மட்டும் வேலையாளை அனுப்பினேன். நடுவில் ஒரு வேலிதான்.

செல்வம் மறுபேச்சில்லாமல் நெல்லை அள்ளித் தன் வாசலில் பரப்பிவிட்டார். ஹெலிகாப்டர் இறங்கிய காற்றில் அது தெருவிலும் வாய்க்காலிலும் போய் விழுந்தது.

மகன் படையலுக்கு விழுந்து கும்பிட்டான், பாதி இலையில் எழுந்தான், கிளம்பிவிட்டான்.

அதன்பிறகுதான் செல்வம் வீட்டுக்குப் போனேன். இரண்டு மூட்டை நெல் தருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேண்டாங்க சார். ஹெலிகாப்டர் வருதுன்னு நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தார்ப்பாய் போட்டு மூடியிருப்போம். களத்தைக் காலி பண்ணுங்கன்னு மட்டுந்தான் ஆள் வந்து சொன்னாரு."

அவர் அப்பா கூலி உயர்வு கேட்டு இதே களத்தில் கொடி நட்டபோது, என் அப்பாவும் ஆள்விட்டுத்தான் பேசினார். அதை எத்தனை பேரிடம் குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

விளக்கு வைத்ததும் செல்வத்தின் மனைவி வேலியோரம் வந்து, "சாப்டீங்களா சார்" என்று கேட்பார். என் மனைவி போனதிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை. இன்று அந்தப் பக்கம் நெல்லைக் கூட்டி அள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் மகன் போன் செய்தான். "இறங்குனதை யாராவது வீடியோ எடுத்தாங்களாப்பா" என்றான். தெரியவில்லை என்றேன்.

சாப்பிட்டேனா என்று அவனும் கேட்கவில்லை.