‘சிவப்பு நாலு’ படத்தின் பின்பக்கம்

மார்ச் 6, புதன்

மழை. முழங்கால் வலி. காலையில் காட்சியகத்திலிருந்து கெரன்சா வந்தாள். என் அறுபது வருட வேலையை ஏழு அறைகளில் தொங்கவிடப் போகிறார்கள்; பொறுப்பு அவளுடையது. நல்ல பெண், ஆனால் எதற்கும் சான்று கேட்பாள். முதல் அறைக்கான குறிப்பை நீட்டினாள். “‘சிவப்பு நாலு’, 1965. அப்போதைய கணவர் டென்சில் ட்ரெவெல்லாவின் பட்டைக்கோட்டு ஓவியங்களைத் தொடர்ந்து வரையப்பட்டது.”

தொடர்ந்தா! கடித்த குங்குமப்பூ பன்னைத் தட்டில் வைத்தேன்.

“அது அறுபத்து மூணு. நான்தான் முதல்ல. அவன் என்னைப் பார்த்துப் போட்டான்.”

“பின்னாடி நீங்களே அறுபத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, மெரியல்.”

“அது வித்த வருஷம்.”

“இருக்கலாம். அச்சடிக்க எனக்கு ஆதாரம் வேணுமே.”

ஆதாரம்தானே? கொடுக்காமல் ஓயமாட்டேன்.

மார்ச் 9, சனி

பழைய கடிதங்கள் மூன்று பெட்டி. ஒன்றுமில்லை. தும்மல்தான் மிச்சம்.

மார்ச் 14, வியாழன்

குளிக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது — செய்தித்தாள்!

அப்போது ஒட்டுநாடா வாங்க வக்கில்லை. ஊர் வாரப் பத்திரிகையைப் பட்டை பட்டையாக வெட்டி, மாவுப் பசையில் துணிமேல் ஒட்டி, வண்ணம் பூசி, ஈரம் காயுமுன் உரிப்பேன். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். பட்டையின் முனைகளைப் பின்னால் மடித்து ஒட்டிவிடுவேன். அவற்றை உரித்ததே இல்லை, சட்டம்தான் மூடிவிடுமே. ஏதாவதொரு முனையில் தேதி இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

மார்ச் 21, வியாழன்

சட்டத்தைக் கழற்றினோம். கெரன்சா விளக்குப் பிடித்தாள். ஒரு முனையில் கானாங்கெளுத்தி விலை. இன்னொன்றில் தேவாலயத் தேநீர் விருந்து அறிவிப்பு, அதன் தலைமேல் தேதி.

1965 பிப்ரவரி 11.

“பழைய பேப்பர்ல புதுப் படம் போடலாம், மெரியல். ஆனா...”

“தெரியும். சொல்லாதே.”

நாளைய தாளை இன்றைக்கு யார் ஒட்ட முடியும்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 22

பின்னாளில் திருத்தியிருப்பேனோ? இல்லை. யாரை ஏமாற்றுகிறேன்?

அறுபத்து நாலு டிசம்பர். மீன் உப்பிடும் பழைய கொட்டகையில் அவனுடைய ‘கறுப்புப் பாதை’ சுவரில் சாய்ந்து காய்கிறது. நான் கையுறையோடு நிற்கிறேன். வயிறு எரிகிறது. இது எப்படி மறந்துபோனது? அவன் வேறொருத்தியோடு போனபோது, எடுத்துப்போன மற்ற எல்லாவற்றோடும் இந்தக் கோடுகளையும் சேர்த்து அவன் கணக்கில் எழுதிவிட்டேன். எத்தனை பேட்டிகளில் அவனைத் திருடன் என்றேன்!

மார்ச் 25, திங்கள்

கெரன்சா போனில்: “‘தொடர்ந்து’ங்கிற வரியையே எடுத்துடறேன். வருஷம் மட்டும் இருக்கட்டும். யாருக்கும் சங்கடமில்ல.”

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கிற வரைக்கும்.

திரும்பக் கூப்பிட்டேன். “அந்த வரி இருக்கணும். ‘கறுப்புப் பாதை’ எங்கே இருந்தாலும் வாங்கிட்டு வந்து பக்கத்துல மாட்டு. என்னுதைச் சுவத்துல மாட்டாதே. சட்டமில்லாம நடு அறையில நிறுத்து. பின்பக்கம் தெரியணும்.”

“எல்லாரும் தேதியைப் பார்த்துடுவாங்களே!”

“பார்க்கறதுக்குத்தானே கண்காட்சி?”

ஏப்ரல் 2, செவ்வாய்

டென்சிலைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். இருபது வருடம் கழித்து. டென்சில் சக்கர நாற்காலியில் இருந்தான், அதே திமிர்.

“வா, வா. இன்னும் எதைத் திருடிட்டேன்?”

சொன்னேன். திக்கித் திணறித்தான் சொன்னேன்.

“எனக்கு அப்பவே தெரியுமே.”

“அப்புறம் ஏண்டா வாயைத் திறக்கலே?”

“பொண்டாட்டியை விட்டுட்டுப் போனவன் பேச்சை யாரு கேப்பா? தவிர, நாலு படத்தோட என் சரக்கு தீர்ந்துபோச்சு. மிச்ச காலமெல்லாம் படகுக்குப் பெயிண்ட் அடிச்சேன். நீதான் விடாம போட்டே.”

மன்னிச்சிடு என்றேன்.

“என்கிட்ட ஏன் சொல்றே? திருடன்னு பேப்பர்லதானே சொன்னே? இதையும் அங்கேயே சொல்லு.”

மனுஷன் சொன்னதில் தப்பில்லை.

ஏப்ரல் 3

வாரப் பத்திரிகைக்கு எழுதினேன். ஆறு தடவை கிழித்தேன். ஏழாவதைத் தபாலில் போட்டுவிட்டேன், மனம் மாறுமுன்.

மே 16, வியாழன்

கண்காட்சி வாரத்துக்கென்று வைத்திருந்து, இன்றைக்குப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். ‘முதலில் வரைந்தவர் டென்சில்: மெரியல் ஹாக்கின் ஒப்புதல்.’ மீன் கடையில் எல்லோரும் படித்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மே 18, சனி

திறப்பு விழா. நல்ல கூட்டம். டென்சிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தன் படத்தை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஏழு அறைகளையும் சுற்றிக் காட்டச் சொன்னான். இரண்டு மணி நேரம்.

போகும்போது, “முதல் அறையில மட்டும்தான் நான் முன்னால” என்றான்.

மே 19, ஞாயிறு

மேசை இழுப்பறையில் ஒட்டுநாடா எத்தனையோ சுருள் இருக்கிறது. தொடவில்லை. மாவுப் பசை கிளறினேன். வியாழக்கிழமைப் பத்திரிகையைப் பட்டை பட்டையாக வெட்டி, புதுத் துணியில் ஒட்டினேன். விளிம்பு கொஞ்சம் கோணல். பரவாயில்லை, நாளை சரியாகும்.

தேதி இருந்த முனையை இந்தத் தடவை பின்னால் மடிக்கவில்லை.