நிமிடத்துக்கு ஒரு மைக்ரான்

சிராகியூஸ்
3 அக்டோபர் 1994

அன்புள்ள மெர்லுக்கு,

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி முடியாது.

நேற்று கடைக்குப் போன் செய்து, "லாயிட், நான் மெர்ல்டா. இந்தத் தடவை பீசோ மோட்டார்தான் போட்டேன், அப்பவும் துள்ளுதுடா" என்றாய். போனை வைத்துவிட்டேன். நான் இங்கே கதவுக் கீல் விற்கிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

நுண்ணோக்கியின் மேடை நிமிடத்துக்கு ஒரு மைக்ரான் நகர வேண்டும்; ஒரு தலைமுடியைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். அத்தனை மெதுவாக ஓட்டினால் திருகு மோட்டார் சிக்கி நிற்கும், பிறகு துள்ளும். பீசோ, மின்சாரத்தில் நீண்டு சுருங்கும் படிகம்; கம்பியைப் பிடித்துப் பிடித்து நடக்கும். அதையே, எந்த மோட்டார் வேண்டும் என்று குறிக்கும் தாளில் எழுதினேன். விலை உறுதியாகும்வரை மோட்டாரின் பெயர் பென்சிலில், கையெழுத்து மட்டும் மையில். நம் ஆய்வுக்கூடத்து வழக்கம் அது. யாரோ பெயரை அழித்துத் திருகு என்று எழுதினார்கள். துள்ளுகிறது என்று வாங்கியவர்கள் கருவியைத் திருப்பி அனுப்பினார்கள். அடியில் இருந்தது என் கையெழுத்து. வேலை போனது எனக்கு.

அழித்தது நீ என்று உன் கைப்பட எழுதி அனுப்பு. ஏன் துள்ளுகிறது என்று சொல்கிறேன்.

லாயிட்

ராச்செஸ்டர்
6 அக்டோபர்

என் லாயிட்,

அழித்தது நான்தான். "பீசோவுக்கு மூணு மடங்கு விலையா? உன் சிநேகிதனுக்கு என்ன கிறுக்கா?" என்றார் இயக்குநர் ஹாஸ்கின்ஸ். நான் ரப்பரை எடுத்தேன். விசாரணையன்று உன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பாயா?

இப்போது மேடை நேராகவும் நகர வேண்டும், சுழலவும் வேண்டும். இரண்டுக்கும் பீசோதான். தினமும் காலையில் நானே எண்ணெய் விடுகிறேன், அந்தக் காலத்தில் நீ சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்படியும் வழுக்கி நிற்கிறது, துள்ளுகிறது. வரும் வியாழன் காலை பத்து மணிக்கு வாங்குபவர்கள் வருகிறார்கள். "இந்தத் தடவையும் துள்ளுச்சுன்னா மேசையைக் காலி பண்ணிடு, மெர்ல்" என்று ஹாஸ்கின்ஸ் சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? உடனே எழுதுடா.

உன் மெர்ல்

சிராகியூஸ்
12 அக்டோபர், புதன்

மெர்ல்,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ருசித்தது.

சொன்ன சொல் தவறமாட்டேன். மோட்டாரைச் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஆனால் அது பிடித்து நடப்பது. எண்ணெய் விட்டால் எதைப் பிடிக்கும்? நான் எண்ணெய் விடச் சொன்னது திருகுக்கு. கம்பியை ஆல்கஹாலால் துடைத்து உலரவிடு. பத்து நிமிட வேலை.

கடைசித் தபால் வண்டி போகட்டும் என்று காத்திருக்கிறேன். அதன் பிறகு பெட்டியில் போட்டால் வெள்ளிக்கிழமைதான் உனக்குக் கிடைக்கும். உறையில் உன் வீட்டு விலாசத்தை எழுதியிருக்கிறேன். அன்று நீ வீட்டில்தான் இருப்பாய்.

கீழே என் பெயரைத் தேடாதே. உன்னை நம்பி மையில் போட்ட கையெழுத்து ஒன்று போதும். இது கையெழுத்தில்லாமலே வரும்.