பெர்செபொனி சீசாவில் பிரிஞ்சி இலை

786

அஸ்தினாபுரம்
20.6.93

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். ஷார்ஜாவில் நீங்களும் சுகமாக இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் துஆ செய்கிறேன். தலையில் தையல் போட்ட இடம் வலிக்கிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீங்கள் அந்த ஒரு கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறீர்கள். ஸ்டோர் ரூம் ஏணியிலிருந்து விழுந்து ஏழு மாதமாகிறது. இப்போதாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை குல்ஷனுக்கு ஒன்பதாம் மாதம் என்பதால் மாமி கீழ்க்கட்டளைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நான் ஒருத்திதான். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. லாரி வருகிற அன்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு நர்ஸ் செல்வமேரி அக்காவோடு பேசிக்கொண்டிருப்பேன். வராத அன்று ரேடியோதான் பேசும், நான் கேட்பேன்.

டாஃப்னி சீசா வந்து சேர்ந்தது. உங்கள் கிரேக்க முதலாளி நிக்கோஸ் கிழவர், அவர் ஊர்ப் புராணத்தில் ஒரு பேரை எடுத்து ஒரு சென்ட்டுக்கு வைத்து, நூறே நூறு சீசா மட்டும் செய்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதை அக்காவிடம் சொன்னேன். நூற்றியோராவது ஆள் வந்து கேட்டால் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். டாஃப்னியை ஒரு தெய்வம் துரத்தியதாம், அவள் அப்பாவைக் கூப்பிட்டாளாம், அப்பா அவளை மரமாக்கிக் காப்பாற்றினாராம். துரத்தி வருகிறவனை மரமாக்கத் தோன்றவில்லையா அந்த மனுஷனுக்கு?

எப்படி மணக்கிறது, ஒன்று விடாமல் எழுது என்கிறீர்கள். பல்லாவரம் பள்ளிவாசல் வாசலில் அத்தர் விற்ற காலத்தில், கண்ணைக் கட்டிவிட்டாலும் இருபது அத்தரைப் பிரித்துச் சொன்ன ஆள் நீங்கள். அந்த மூக்குக்காகத்தானே இந்த வேலையே கிடைத்தது. நீங்கள் போய் என்னைக் கேட்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். மூடியைத் திறந்ததும் பச்சை இலையைக் கிள்ளின மணம். கால் மணி நேரம் கழித்து, பிரியாணிக்குப் போடுகிற பிரிஞ்சி இலை. கடைசியில் மணிக்கட்டில் நனைந்த மரப்பட்டை மணம் மட்டும் தங்குகிறது. வெளியே மணம் பூசிக்கொண்டு போகக்கூடாதே, அதனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் தடவிப் பார்த்தேன். அப்படியும் கீரை விற்கிற முனியம்மா கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாம்மா, ஆளில்லாத வூட்ல பிரியாணி வாசன வந்துகினு கீது" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதத்தின் கீழ்மூலையில் ஒன்று தடவியிருக்கிறேன். என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

உங்கள் சுகத்துக்கு துஆ செய்யும்,
சாஜிதா

*

786

அஸ்தினாபுரம்
8.8.93

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. குல்ஷனுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தைக்கு உங்கள் காது என்று மாமி சொல்கிறார்கள். பிறந்து பத்து நாள் ஆன குழந்தையின் காதில் என்ன தெரியுமோ, நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். மாமி இன்னும் மூன்று மாதம் அங்கேயேதான் இருப்பார்கள்.

பிரிஞ்சி இலை, மரப்பட்டை என்று நான் எழுதினதை நிக்கோஸ் கிழவர் மிகவும் மெச்சி, அதையே டாஃப்னியோடு வைக்கிற சீட்டில் அச்சடிக்கச் சொன்னாராமே. யார் சொன்னதென்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை. நம் வீட்டு அடுக்களை வார்த்தை இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கடித மூலையில் மல்லிகை அருமையாக மணக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தடவினது சந்தனம். விமானத்தில் வரும்போது வேறு கடிதத்தோடு ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

கிழவர் அடுத்ததாகச் செய்யும் சென்ட்டுக்குப் பேர் கொடுத்த பெர்செபொனியின் கதையை உங்கள் கடிதத்தில் படித்தேன். பூமிக்குக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கே அவள் நாலு மாதுளை முத்தைத் தின்றுவிட்டாள், அதற்காக வருஷத்தில் பாதி நாள் கீழேதான் இருக்கவேண்டும். அது பரவாயில்லை மச்சான். பாதி வருஷமாவது மேலே விட்டார்களே. நீங்கள் அந்த ஊரில் என்னத்தைத் தின்றீர்களோ, உங்களை நாற்பது நாளுக்கு மேல் விடமாட்டேன் என்கிறார்கள். இருபது வருஷம் புருஷனுக்காகக் காத்திருந்த பெனலோப்பி என்று ஒருத்தியும் இருக்கிறாளாம். அவளை எந்த சீசாவிலும் அடைக்க வேண்டாம் என்று கிழவரிடம் சொல்லுங்கள். அவள் பாட்டுக்கு இருக்கட்டும்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதுவரை லீவு கிடையாது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் எழுதுகிற செய்தியா அது? என்னைக் கேட்டிருக்கலாம். நான் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்டிருக்கலாம். பிப்ரவரியில் நோன்புக்கு வந்தபோது நான் ஏதாவது குறை வைத்தேனா? இருந்தால் எழுதிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

எப்போதும் உங்கள் நினைவில்,
சாஜிதா

*

786

அஸ்தினாபுரம்
3.10.93

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. செம்பாக்கம் சின்னப்பன் அண்ணன் வியாழக்கிழமை அங்கே வருகிறார். நேரே உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பெர்செபொனி என்று சீட்டு ஒட்டி நீங்கள் அனுப்பிய சீசாவில் இருப்பது பெர்செபொனி இல்லை. டாஃப்னி. திறந்ததும் கிள்ளின இலை, பிறகு பிரிஞ்சி இலை, அப்புறம் மரப்பட்டை. என் மூக்குத்தான் கெட்டுவிட்டதோ என்று செல்வமேரி அக்காவைக் கூப்பிட்டு, கண்ணை மூடச்சொல்லி இரண்டு சீசாவையும் முகரக் கொடுத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார், பதினைந்தாம் தேதி பெட்டிகளை நானே கட்டி அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்தீர்களே. அனுப்பிவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரை வைத்து ஒவ்வொரு சீசாவையும் முகரச் சொல்லி, சீட்டை மாற்றி ஒட்டுங்கள்.

"என் மூக்காலேயே பார்த்துத்தான் கட்டினேன், மாதுளையும் முதல் மழை விழுந்த மண்ணும் மணக்கிறது" என்று அந்த சீசாவோடு எழுதியிருந்தீர்கள். அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் தலையில் அடிபட்டது முன்னாலா பின்னாலா என்று கேட்டார்கள். பின்னால் என்றேன். "தலையில அடிபட்டா சில பேருக்கு வாசனையே தெரியாமப் போயிடும் சாஜிதா. எங்க வார்டுலயே ரெண்டு பேரப் பாத்திருக்கேன்" என்றார்கள்.

அப்போதுதான் மச்சான், எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது பல்லாவரம் தாண்டியதும் தோல் பதனிடுகிற டேனரி நாற்றம் என்று டாக்ஸிக் கண்ணாடியை ஏற்றுவீர்கள், கைக்குட்டையை எடுப்பீர்கள், டிரைவரையும் சேர்த்துத் திட்டுவீர்கள். பிப்ரவரியில் கண்ணாடி திறந்தே இருந்தது. பால் தீய்ந்து அடுக்களை முழுக்க நாறினபோது நீங்கள் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். சந்தனத்தை மல்லிகை என்றீர்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நேரில் இருந்தால் சொல்ல வாய் வராது. நம் நிக்காஹ் அன்று நீங்கள் கொடுத்த மஜ்மா அத்தரைப் பூட்டி வைத்திருந்தேன். நீங்கள் இல்லாத வீட்டில் அதை யாருக்காகப் பூசுவது? பிப்ரவரியில் வந்து நீங்கள் இருந்த நாற்பது நாளும் ராத்திரியில் அதைத்தான் பூசிக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னெல்லாம் நான் அறைக்குள் வருவதற்குள்ளேயே மஜ்மா என்று சொல்லிவிடுவீர்கள். இந்த முறை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது நாளும் சொல்லவில்லை. உங்களுக்கு என்மேல் மனம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். எட்டு மாதமாக அதை நினைத்துத்தான் இந்த வீட்டில் உலையை வைத்தேன், இறக்கினேன்.

அதனால், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், உங்கள் மூக்கு போய்விட்டது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிறகுதான் அழுதேன்.

இது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தீர்கள். அது எனக்குப் புரிகிறது. என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? லீவில் வந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதானே இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்? அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற ஆள் நீங்கள். கேஸ் கசிந்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

நிக்கோஸ் கிழவர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும். அனுப்பினால் வந்துவிடுங்கள். இங்கே வந்து என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. ஆனால் பால் பொங்கினால் நான் சொல்வேன். மழை வந்தால் மண் எப்படி மணக்கிறதென்று சொல்வேன். இத்தனை நாள் அதைத்தானே கடிதத்தில் செய்துகொண்டிருந்தேன், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே. மஜ்மா பூசியிருந்தால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இந்த முறை கடித மூலையில் எதுவும் தடவவில்லை. மருதாணி வைத்த கையைக் கழுவியதும் ஈரத்தோடு அழுத்தியிருக்கிறேன். அதை முகர வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். உங்கள் கையை அதன்மேல் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, டிக்கெட்டுக்குச் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கதவைத் தாழிடாமல் பார்த்திருக்கும்,
உங்கள் சாஜிதா